மானிட்டரைப் பூஜைக்கு வைத்த வருஷம்

எங்கள் வீட்டில் விஜயதசமி காலையில் நாலு வரி வாசிக்காமல் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் பேனாவையும் கத்திரிக்கோலையும் பூஜையில் வைத்துவிட்டால், அதன்பிறகு செய்தித்தாளைக்கூடப் புரட்டக் கூடாது. நவமி முழுக்கச் சும்மா இருக்க வேண்டும். தசமியன்று பூஜையை எடுத்ததும் அவரவர் புத்தகத்தை அவரவர் மடியில் வைத்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவன். பத்மநாப சுவாமி கோயில் கோட்டைக்கு உள்ளே காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்து ஜீவனம் செய்தவன். வாசிப்பு எனக்குப் பெரிய விஷயமில்லை. என் மனைவிக்கு அப்படி இல்லை. கல்யாணமாகி ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, காலையில் குளித்துவிட்டு வந்து தோத்திரப் புத்தகத்தில் அன்றைய பாகத்தை வாசிக்காமல் அவள் அடுப்பு மூட்டியதில்லை.

அப்படிப்பட்டவளுக்குக் கண் போனது. முழுக்கப் போகவில்லை. எதை நேராகப் பார்க்கிறாளோ அதன் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. என் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது என்பாள். டாக்டர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, இதற்கு மேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார். பெரிய பூதக்கண்ணாடி வாங்கினோம். அதிலும் புத்தக எழுத்து பிடிபடவில்லை. அந்த வருஷ விஜயதசமிக்கு அவள் புத்தகத்தை மடியில் வைத்து, பக்கத்தைக் கையால் தடவிவிட்டு மூடினாள். நான் வாசிக்கிறேன், நீ கூடவே சொல்லு என்றேன். தலையாட்டினாள். சொல்லவும் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிட உட்கார்ந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் விழுந்ததை நான் பார்த்தேன்.

எங்களுக்கு ஒரே பெண். கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனி வேலை. தோழிகளோடு அங்கேயே பிளாட் எடுத்துத் தங்கியிருந்தாள். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். அதில் லினக்ஸ் என்று ஏதோ போட்டிருப்பதாகவும், தமிழ் எழுத்து அதில் ஒழுங்காக வரும் என்றும் சொன்னாள். அம்மாவின் தோத்திரப் புத்தகத்தைத் தன் கையாலேயே வரிவரியாக அதில் அடித்து வைத்திருந்தாள். ஒரு விசையைத் தட்டினால் எழுத்து எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாகும். பெரிய கண்ணாடி மானிட்டர். திரைக்கு நாலு வார்த்தைதான் கொள்ளும். என் மனைவி நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு, கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தாள். முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அப்புறம் இரண்டாவது. அப்புறம் எங்கள் இருவரையும் அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாள்.

அன்றிலிருந்து அதுதான் அவளுடைய புத்தகம். நவராத்திரி வந்ததும் பிரச்னை அங்கேதான் தொடங்கியது.

“பொஸ்தகம்னா பூஜைக்கு வெக்கணும் அல்லே?” என்றாள்.

“பழைய பொஸ்தகத்தை வெச்சா போறாதோ?”

“அதையா நான் வாசிக்கறேன்? எதை வாசிக்கறேனோ அதை வெக்கணும். அதாக்கும் முறை.”

பெண்ணிடம் போனில் கேட்டோம். “அதைத் தூக்கவே வேண்டாம்ப்பா, இருக்கற இடத்துலயே ஒரு பூவை வெச்சா மதி, போறும்” என்றாள். என் மனைவி ஒப்பவில்லை. கரெண்டில் மாட்டிய நிலையில், வயர் தொங்கத் தொங்க, அது என்ன பூஜை என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அஷ்டமியன்று மத்தியானமே எல்லாவற்றையும் கழற்றினேன். மானிட்டர் அம்மிக்கல் கனம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு பக்கம் பிடித்தார். மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது.

“எந்தா ஓய், டீவியை எங்கே எழுந்தருளப் பண்றேள்?”

“டீவி இல்லை ஓய், கம்ப்யூட்டர்.”

“ரெண்டும் ஒண்ணுதான். எட்டுப் பேர் தூக்கற கனம். உம்மாத்து சரஸ்வதி நன்னா சாப்பிட்டிருக்கா!”

பூஜையறையில் கோலம் போட்டுப் பலகை வைத்து அதன்மேல் இறக்கினோம். பட்டுத்துணி விரித்து, பெட்டி, விசைப்பலகை, மௌஸ், சுருட்டிய வயர்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். சந்தனம் அரைத்து அலங்காரம் செய்வது என் மனைவியின் வேலை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். கையால் தடவித் தடவி ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். நான் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

தசமியன்று காலையில் தீபாராதனை முடிந்து பூஜையை எடுத்தோம். பக்கத்து அறை மேஜைக்கு எல்லாவற்றையும் கொண்டுபோய், பெண் முன்பே நிறம் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தபடி அந்தந்த ஓட்டையில் அந்தந்த வயரை மாட்டினேன். என் மனைவி ஒன்பது கஜம் கட்டிக்கொண்டு, தலை ஈரம்கூடக் காயாமல், தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளையாகப் பொடி எழுத்துகள் ஓடின. அது எப்போதும் ஓடுவதுதான். அதற்குப் பிறகுதான் நீலமாகப் படம் வரும், படத்துக்குள் அவளுடைய தோத்திரம் வரும். அன்றைக்குத் திரை ஒருமுறை அணைந்தது, மின்னியது, மறுபடி அணைந்தது. கடைசியில் கறுப்பிலேயே பொடியாக ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு நின்றுவிட்டது.

“வந்துடுத்தா?” என்றாள்.

“இதோ வரும்.”

அணைத்துப் போட்டேன். மறுபடி அதே. சுவாமியை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை போட்டேன். அதே.

பெண்ணுக்குப் போன் செய்தோம். வெளிநாட்டுக்காரர்களோடு வேலை என்பதால் அவளுக்கு அன்றைக்கு விடுமுறை கிடையாது, ஆபீஸில் இருந்தாள். போன் கூடத்தில், கம்ப்யூட்டர் அறையில். வயரை எவ்வளவு இழுத்தாலும் நிலைப்படி வரைக்கும்தான் வரும். அதனால் என் மனைவி நிலைப்படியில் மணைபோட்டு உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். மகள் சொல்வதை அவள் எனக்குச் சொல்வாள். நான் திரையில் பார்ப்பதை அவள் மகளுக்குச் சொல்வாள்.

“கேபிள் எல்லாம் முறுக்கமா இருக்கான்னு கேக்கறா.”

“திருகாணி போட்டு முடுக்கியிருக்கேன்.”

“முடுக்கியிருக்காராம்டி… சரி… ஏன்னா, பேரைக் கேக்கறதா அது? பேரும் ரகசிய வார்த்தையும் அடிக்கணுமாம். அடிச்சுட்டு, நான் சொல்றதை எழுத்தெழுத்தா அடிங்கோ. நடுவிலே இடம் விடணும்னா சொல்றேன்.”

ஆங்கில எழுத்துகளை அவள் சுலோகம்போல் ஒப்பித்தாள். ஒன்று பிசகவில்லை. நான் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். திரை முழுக்க வரிகள் வந்து விழுந்தன. அதில் தப்பு என்று அடையாளம் போட்ட வரியை மட்டும் வாசிக்கச் சொன்னாள் மகள். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார் முன்னால் நின்றதுபோல் எழுத்துக்கூட்டி வாசித்தேன். மானிட்டர் எதுவும் இல்லை என்ற அர்த்தம் எனக்கே புரிந்தது.

“இல்லையா? கண் முன்னாலே மலை மாதிரி இருக்கே!” என்றேன்.

மனைவி கேட்டுச் சொன்னாள். “மானிட்டர் யாருன்னு அதுக்குத் தெரியலையாம். எப்பவும் போட்ட உடனே நீ யாரு, உன்னால என்ன முடியும்னு அது கேக்குமாம், மானிட்டர் பதில் சொல்லுமாம். இப்போ கேட்டாலும் பதில் இல்லையாம். யாருன்னு தெரியாதவாளுக்குப் படம் அனுப்ப மாட்டேங்கறதாம்.”

பொடி எழுத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி பதில் வேண்டாமாம். அதனால்தான் கறுப்புத் திரை வருகிறது. கறுப்புத் திரையின் எழுத்து கடுகு மாதிரி, அவளுக்கு உதவாது.

இதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வாசிப்பு முடித்து, காப்பி குடித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

“என்ன மாமி, இன்னும் ஒண்ணும் சாப்பிடலியா? மாமாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ. கேட்டாலும் புண்யம்தான்.”

“நான் கேக்கறதுக்கு உக்காரலை மாமா.”

“அப்போ மனப்பாடமா சொல்லிடுங்கோ. உங்களுக்குத்தான் முழுக்கத் தெரியுமே. பகவதி கோவிச்சுக்க மாட்டா.”

“தெரியறதைச் சொல்றது வாசிக்கறது ஆகாது மாமா. எழுத்தைப் பாத்து வாசிக்கணும். போன வருஷம் விட்டுப்போச்சு. இந்த வருஷம் விடமாட்டேன்.” சத்தம் போடவில்லை. ரிசீவரை ஒரு கையால் பொத்திக்கொண்டு, அடுத்த வீட்டுக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்குள் ஒன்று கெட்டிப்பட்டது. அன்றைக்கு இவள் இதில் வாசித்தே ஆக வேண்டும். அதுவரை நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை. மனசுக்குள் பத்மநாபனிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

“ஷரி ஷரி, நடக்கட்டே” என்று அவரும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மகள் வேறு ஒரு வழி சொன்னாள். மானிட்டர் தானாகச் சொல்லாவிட்டால் நாமே எழுதிக் கொடுத்துவிடலாமாம், இதனால் இவ்வளவு முடியும் என்று. மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள நம்பரைக் கேட்டாள். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் தலையை நுழைத்து வாசித்துச் சொன்னேன். அவள் அங்கே இன்டர்நெட்டில் தேடினாள். அதே நம்பருக்குக் கிடைக்கவில்லை, அதன் தம்பி மாதிரி ஒன்றுக்குக் கிடைத்தது. அந்தக் கணக்கை இரண்டு வரியாக ஒரு கோப்பில் எழுதச் சொன்னாள். மனைவி சொல்லச் சொல்ல அடித்தேன். எழுதிச் சேமித்துவிட்டு மறுபடி போட்டேன்.

படம் வந்தது. வந்தது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், அது துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு மேலிருந்து கீழே உருண்டது. மானிட்டருக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூலோடு பின்னால் போனார்.

“ஓய், ஸ்விச்சை அணையும்! மின்சாரத்திலே இருந்தவன் சொல்றேன், இது நல்ல சத்தம் இல்லை!”

மகளும் போனில் கத்தியது எனக்கே கேட்டது. உடனே அணைத்தேன். மானிட்டரே எரிந்துபோயிருக்குமாம். அந்த இரண்டு வரியையும் அழிக்கச் சொன்னாள். அழித்தேன். எரிந்திருந்தால் அன்றைக்கு வாசிப்பு இல்லை. அடுத்து என்றைக்கு என்றும் தெரியாது.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. சமையலறைக்குள் யாரும் போகவில்லை. மனைவி மணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்னு சொல்றா” என்றாள் மெதுவாக. “அதுவரைக்கும் இருக்கேன்னு சொல்லட்டா?”

“சொல்லாதே. இன்னும் என்ன பாக்கணும்னு கேளு.”

கேட்டாள். பிறகு மகள் ஏதோ கேட்க, இவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். இவள் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

“அஷ்டமி காலம்பறகூட நன்னாத்தான் இருந்தது… நடுவிலே என்ன பண்ணினோமா? பூஜைக்கு வெச்சோம்… பூஜைன்னா பூஜைதான்டி, என்ன பண்ணுவா? சந்தனம், குங்குமம், பூ… தண்ணி எல்லாம் தெளிக்கலை… எல்லாத்துக்கும்தான். பெட்டிக்கு, தட்டற பலகைக்கு, அந்த எலிக்கு… ஆமாம், வயருக்கும். அதை மட்டும் விடுவேனா? நுனியிலே வெச்சேன். நுனிதானே அதுக்கு முகம்?”

அந்தப் பக்கத்தில் மகள் என்ன சொன்னாளோ, இவள் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “முகத்திலே சந்தனம் பூசினா அது எப்படி வாயைத் திறந்து பேர் சொல்லும் மாமி!”

நான் மானிட்டர் வயரின் திருகாணியைக் கழற்றி உருவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று வரிசையாகச் சின்ன ஊசிகள், சுற்றிலும் தகரத் தொப்பி. தொப்பிக்குள்ளே ஒரு மூலையில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து, நான் திருகி முடுக்கிய முடுக்கில் ஊசிகளின் அடி வரைக்கும் அப்பியிருந்தது. பெட்டியின் பக்கம் ஓட்டையிலும் மஞ்சள். படம் போகிற ஊசி வேறு, பேர் சொல்கிற ஊசி வேறு என்று மகள் சொன்னாளாம். படம் போகிற ஊசிகள் தப்பித்திருந்தன. பேர் சொல்கிற ஊசி சந்தனத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

மனைவி எழுந்து வந்தாள். கையை நீட்டி அந்த நுனியை வாங்கி, ஒரு விரலால் தொட்டாள். அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

“என் கையாலேயே என் கண்ணை மூடிண்டுட்டேனா?” என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

“சந்தனம் வெச்சது தப்பாகுமா?” என்றேன். “காஞ்சதை உதிர்த்துடலாம். நீ போய்ப் போனைப் பிடி.”

தண்ணீர் படக் கூடாது, ஸ்பிரிட் இருந்தால் நல்லது என்றாள் மகள். பக்கத்து வீட்டுக்காரர் தினம் சர்க்கரை ஊசி போட்டுக்கொள்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தார். என்னிடம் கடை மெஷினின் பல்லிடுக்கில் ஒட்டிய காப்பிப் பொடியைத் தட்டும் சின்னப் பிரஷ் ஒன்று புதிதாக இருந்தது. அதை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு ஊசியாகத் தடவினேன். அழுத்தினால் ஊசி வளையும். விட்டால் சந்தனம் போகாது. அரைத்த சந்தனம் காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி. ஊறவைத்து, தட்டி, ஊதி, மறுபடி ஊறவைத்தேன். பெட்டியின் ஓட்டைகளுக்குத் துடைப்பக் குச்சியைச் சீவி, நுனியில் பஞ்சு சுற்றித் துழாவினேன். பக்கத்து வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டே, “அந்த மூலை, அந்த மூலை, இல்லை ஓய், உமக்குப் பார்வை போறலை” என்று மேற்பார்வை பார்த்தார். அவர் சொன்ன மூலையில் நிஜமாகவே இருந்தது. அறை முழுக்க ஆஸ்பத்திரி வாசனையும் கோயில் வாசனையும் சேர்ந்து அடித்தது.

ஸ்பிரிட் நன்றாக உலரும்வரை பொறுக்கச் சொன்னாள் மகள். விசிறியால் வீசினேன். பிறகு மாட்டினேன். திருகாணியை மெல்ல முடுக்கினேன். பட்டனை அழுத்துவதற்கு முன் கை கூப்பினேன். பக்கத்து வீட்டுக்காரரும் டார்ச்சோடு கூப்பினார்.

பொடி எழுத்து ஓடியது. திரை அணைந்தது. அந்த இருட்டு எப்போதையும்விட நீளமாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு ‘டக்’ என்று மானிட்டருக்குள் ஒரு சத்தம், நீலம் நிறைந்தது.

“வந்துடுத்து!” என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் கத்தினார். மனைவி மகளிடம், “வந்துடுத்தாம்டி, வெச்சுடறேன், உன் வேலையைப் பாரு” என்று சொன்னவள், போனை வைக்காமல் அப்படியே நிலைப்படியில் படுக்கவைத்துவிட்டு வந்தாள். மகள் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

தோத்திரத்தைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவள் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, தலையைச் சாய்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக நின்றோம். “ஹரி ஸ்ரீ கணபதயே நம” என்று தொடங்கினாள். அது வாய் பழகினது. அதை நான் வாசிப்பில் சேர்க்கவில்லை. அடுத்த வரிக்கு மெதுவாகப் போனாள். முதல் எழுத்து. அதன் வளைவை வருடுவதுபோல் தலை அசைந்தது. இரண்டாவது எழுத்து. வார்த்தை முடிந்தபோது அவளே அதை இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம். விசையைத் தட்டி அடுத்த வரியைக் கொண்டுவந்தாள்.

மூன்றாவது வரியில் ஒரு நீளமான சம்ஸ்கிருத வார்த்தை. பாதியில் நின்றாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் காலையில் வாசல்வரைக்கும் கேட்டு எனக்கே தெரியும். அவள் தெரிந்ததைச் சொல்லாமல் நிறுத்தியிருந்தாள். எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. முதல் அசையை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

திரும்பாமலே கையைத் தூக்கினாள். “சொல்லாதேங்கோ.”

தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்தாள். கழுத்தில் ஒரு நரம்பு புடைத்தது. எங்கேயோ ஓர் ஓரத்தில் அந்த எழுத்து அவளுக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் பிடித்து, கூட்டி, முழு வார்த்தையையும் சத்தமாக வாசித்தாள். அப்புறம் அடுத்த வரியைக் கொண்டுவந்தாள்.